கருநீலத்தை வடிவு எடுத்துக்கொண்டாள்

உங்கள் கையாலேயே ஒரு பொருளை ரெண்டு பங்காக வைத்து, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று கண்ணாலும் பார்த்து, கையாலும் தூக்கிப் பார்த்து, அப்புறம் இன்னொருத்தி வந்து அதில் ஒன்றை எடுத்த அந்த நிமிஷமே, அவள் கையில் இருப்பது மட்டும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவதை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்களுக்குப் பூங்கனியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். பார்க்காதவர்களுக்காக முதலிலிருந்து வருவோம்.

பருத்திகுளத்தில் அண்ணன் தம்பி ஒரே வீட்டில் குடியிருந்தால் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு எது வந்தாலும் மூத்த மருமகள் பங்கு வைக்கவேண்டும், இளைய மருமகள் முதலில் எடுக்கவேண்டும், மிஞ்சுவது மூத்தவளுக்கு. மிச்சம்தான் தனக்கு என்று தெரிந்தால் பங்கு வைக்கிற கை கோணாது என்று எந்தக் காலத்திலோ யாரோ யோசித்து வைத்தது. அந்த வீட்டில் மூத்தவள் பூங்கனி. டெம்போ ஓட்டும் வேல்சாமியின் மனைவி, ஐந்து வயது யாழினிக்கு அம்மா. இளையவள் வடிவு. வேல்சாமியின் தம்பி கணேசபெருமாளைக் கட்டி நாலு வருஷம் ஆகிறது.

நாலு வருஷமாகப் பூங்கனி கோணாமல்தான் பங்கு வைத்தாள். சாளை மீன் வந்தால் தலைக்குத் தலை, வாலுக்கு வால் எண்ணி வைப்பாள். கோயில் கொடைக்கு உடைத்த தேங்காயில் கண்ணுள்ள மூடியைக் கொஞ்சம் சின்னதாகவும் கண்ணில்லாத மூடியைக் கொஞ்சம் பெரிதாகவும் பார்த்து வைப்பாள், கண்ணுக்கு ஒரு மதிப்புப் போட்டு. வடிவு வருவாள், பார்க்கக்கூடச் செய்யாமல் கைக்கு எட்டினதை எடுப்பாள், எடுத்ததும் அவள் தட்டில் சாளை மீனுக்கு முட்டை இருக்கும், அவள் மூடியில் பருப்புக் கனத்திருக்கும். வீட்டையே பிரித்தபோதும் அப்படித்தான். ரெண்டு அறை, ரெண்டும் பத்துக்குப் பத்து, ஆளுக்கு ஒரு ஜன்னல், நடுவில் ஒரு பொதுச் சுவர். பூங்கனி சேலையை விரித்து ரெண்டையும் அளந்துவிட்டுத்தான் "எடு" என்றாள். வடிவு மேற்கு அறையை எடுத்தாள், அன்றைக்குச் சாயங்காலமே காற்று திசை மாறி மேற்கு ஜன்னல் வழியாக வர ஆரம்பித்தது. வடிவுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் கேரளத்துப் பக்கம் பெயிண்ட் வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒரு நாள் வருகிறவன், இதெல்லாம் பூங்கனிக்கும் தெரியும். ஆனால் பங்கு என்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனசு வராது. "அளவு சரியில்ல" என்றுதான் சொல்வாள்.

ஆனி மாசத்தில் கணேசபெருமாள் எர்ணாகுளத்திலிருந்து ரெண்டு வாளிப் பெயிண்ட் கொண்டுவந்தான். ஒரு சினிமாத் தியேட்டருக்கு உள்சுவர் அடித்த வேலையில் மிஞ்சியது. தியேட்டர் சுவர் என்றால் இருட்டாகத்தானே இருக்கவேண்டும். ஒரு வாளியில் கருநீலம், இன்னொரு வாளியில் அரக்கு. வெளி வராண்டாச் சுவரில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு முறம் அகலத்துக்குப் பூசிவிட்டு, "மூணு நாள் பாருங்க மதினி. காலையில ஒண்ணு சொல்லும், உச்சியில ஒண்ணு சொல்லும், விளக்கு வச்சப்புறம் ஒண்ணு சொல்லும். மூணுலயும் எது நல்லதாச் சொல்லுதோ அதை வச்சுக்கிடுங்க" என்றான்.

பூங்கனி பார்த்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தாள், யாழினிக்குப் பின்னல் போட்டுக்கொண்டே பார்த்தாள், துவைத்த துணியைத் தோளில் போட்டபடி பார்த்தாள். கருநீலம் காலையில் கனிந்த நாவல்பழமாக இருந்தது, உச்சியில் காக்காய்க் கழுத்தாக மினுங்கியது, விளக்கு வைத்தபிறகு எட்டிப் பார்த்த கிணறாக ஆனது. அரக்கு காலையில் புளியங்கொட்டை, உச்சியில் காய்ந்த மருதாணி, விளக்கு வைத்தபிறகு அடுப்பில் சிவந்து அடங்கின செங்கல். பிள்ளை கை வைத்தால் ரெண்டிலும் அழுக்குத் தெரியாது. கொசு உட்கார்ந்தால் ரெண்டிலுமே அடிக்க முடியாது. நியாயமாகப் பார்த்தால் ரெண்டும் சரிசமம். ஆனால் நீலத்தைப் பார்த்தபோது அது அவளுக்கு வேண்டும் என்றிருந்தது, வேண்டும் என்று நினைத்த உடனே அது வடிவுக்குத்தான் போகும் என்றும் தெரிந்துவிட்டது.

அதனால் ஒரு வேலை செய்தாள். வடிவு காதில் விழும்படி மூணு நாளும் அரக்கைப் புகழ்ந்தாள்.

"இந்த அரக்கு இருக்கே வடிவு, அம்மன் கோயில் கதவு மாதிரி என்னா ஒரு அம்சம். நீலம் என்ன, மசி கொட்டுன மாதிரி கெடக்கு."

"ஆமாக்கா, அரக்கு நல்லாத்தான் இருக்கு."

"நல்லாவா? அந்தக் கலர்ல சுவர் இருந்தா வீட்டுல லட்சுமி வந்து உக்காந்துக்கிடும்."

யாருக்குத்தான் ஆசை வராது? வடிவுக்கும் வந்தது, அவள் கண்ணிலேயே தெரிந்தது. மூணாம் நாள் எடுக்கச் சொன்னபோது அவள் கை அரக்குப் பக்கம்தான் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி நீலத்தின்மேல் உட்கார்ந்தது.

"நீங்க அரக்குமேல உசிரா இருக்கீங்க, அதைப் போயி நான் எடுப்பனாக்கா? எனக்கு நீலமே போதும்."

அந்தப் 'போதும்' பூங்கனிக்கு மூணு நாள் செரிக்கவில்லை.

கணேசபெருமாள் ரெண்டு அறைக்கும் பட்டி பார்த்து, ரெண்டு கோட் அடித்துவிட்டு, பழையபடி எர்ணாகுளத்துக்குப் பஸ் ஏறினான். எட்டாம் நாள் காலையில் வடிவு விளக்குமாற்றோடு வெளியே வந்து, "அக்கா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு தவலை வைக்கிற அளவுக்கு இடம் வந்திருக்கு" என்றாள். மறுநாள் ரெண்டு தவலை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மாட்டுவண்டி நிறுத்தலாம். நீல அறை வளர ஆரம்பித்துவிட்டது.

பூங்கனி துளியும் ஆச்சரியப்படவில்லை. நாலு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததுதானே. சேலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சுவரோரமாக அளந்தாள். வெளியே பத்தடிதான், ஒரு விரல் கூடவில்லை. உள்ளே போய் அளந்தாள், சேலை நாலு முறை விரிந்தும் அந்தப் பக்கத்துச் சுவர் வரவில்லை. சேலையை மடித்துக்கொண்டு வந்து, பருப்புத் தாளித்தாள். கடுகு எல்லாம் கருகிப்போனது.

ஊரிலும் யாரும் பெரிதாக மலைக்கவில்லை. ஆடிக் காற்றில் சுவர் உப்பியிருக்கும் என்றார்கள், தியேட்டருக்குக் கலக்கின பெயிண்ட் தியேட்டர் அளவுக்கு ஆகாமல் நிற்குமா என்றார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பீடி சுற்றுகிற பெண்கள்தான் முதலில் வந்தது. இலையும் தூளும் சுளகுமாக வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, காற்றில் தூள் பறக்கிறதே என்று அலுத்துக்கொண்டிருந்தவர்கள், வாசல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களில் வாயாடி முப்பிடாதி. அவள் தன் இடத்தைக் கரித்துண்டால் கோடு போட்டுக் குறித்துவைத்தாள், கோடு தினமும் கொஞ்சம் நீண்டது, அதில் ஒரு சண்டை வந்தது. அப்புறம் ஆடு வைத்திருப்பவர்கள் மழைக்கு ஒதுக்கிக் கட்ட வந்தார்கள். ஒரு பெண்ணுக்குச் சடங்கு வைத்து, பந்தலே போடாமல் முந்நூறு பேருக்கு அங்கேயே இலை போட்டார்கள், கடைசிப் பந்திக்காரர்களுக்கு ரசம் போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போனது என்பது ஒன்றுதான் குறை. வழி தப்பிப் போன ஒரு கோழி நாலு வாரம் கழித்து ஒன்பது குஞ்சோடு திரும்பி வந்தது. வீடு அளக்க வந்த பஞ்சாயத்துக் கிளார்க் டேப் முடிகிற வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்து, தன்னுடைய தாளில் இதை எழுதக் கட்டம் இல்லை என்று பத்துக்குப் பத்து என்றே எழுதிக்கொண்டு போனார். கூரை மட்டும் அதே உயரம். ஒற்றை டியூப்லைட் போதாமல் போகவே ஆளுக்கு ஒரு டார்ச் லைட் கொண்டுவந்தார்கள், டார்ச் இல்லாமல் போகிறவர்கள் பாடிக்கொண்டே போகவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வந்தது, முட்டிக்கொள்ளாமல் இருக்க.

"உனக்கென்னம்மா வடிவு, ஊரையே உள்ள வச்சிருக்க" என்பாள் முப்பிடாதி, இலை வெட்டிக்கொண்டே. "உங்க அக்கா ரூமு எப்படி, அதும் இழுத்துக்கிட்டுப் போகுதா?"

"எங்க ரூம் வச்ச இடத்துல வச்சபடி இருக்கு" என்று பூங்கனி வாசலில் நின்றே சொல்வாள். "எங்களுக்கு அது போதும்." அந்தப் 'போதும்' தன் வாயில் எப்படி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். புளித்தது.

எல்லாம் பொறுத்தாள், யாழினியைத்தான் பொறுக்க முடியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டுப் பையைப் போட்டதும் நீல அறைக்குள் ஓடுவாள். அங்கே தெருப் பிள்ளைகள் எல்லாம் சைக்கிள் பழகினார்கள். விழுந்தால் எழுப்பிவிடச் சித்தி இருந்தாள். முதலில் சாப்பிட மட்டும் வந்தாள், பிறகு அதற்கும் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒருநாள் சோற்றை ஊட்டும்போது அரக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நம்ம ரூம்ல திரும்புனா இடிக்குது" என்றாள்.

வேல்சாமி சிரித்துவிட்டான். பூங்கனி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"எதுக்குச் சிரிக்கீங்க? உங்க தம்பி பொண்டாட்டி நம்ம பிள்ளையையும் சேத்துப் பங்கு எடுத்துக்கிட்டா. அதுக்குத்தான் சிரிக்கீங்களா?"

"ஏட்டி, நாலு சுவரு, ஒரு ஜன்னலு, கை நீட்டுனா தண்ணிக்குடம். எனக்கு இதுல என்ன குறைன்னு தெரியல."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க லோடு ஏத்துற ஆளு, பங்கு வைக்கிற ஆளா?"

அன்றைக்கு முழுக்க அவள் வடிவையே கவனித்தாள். வடிவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது, சாதம் வடிக்கும்போது நின்றபடியே தலை சாய்ந்தது. பெரிய அறைக்காரிக்குத் தூங்கக்கூட நேரமில்லை போலிருக்கிறது என்று பூங்கனி நினைத்தாள். அதிலும் ஒரு பெருமை இருப்பதாகத் தோன்றியது, அதுவும் எரிந்தது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் யாழினி வரவில்லை. பீடிப் பெண்களைக் கேட்டால், சித்தியோடு உள்ளே போனதைப் பார்த்தோம் என்றார்கள். பூங்கனி ஒரு செம்புத் தண்ணீரையும் வேல்சாமியின் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, சேலையால் அளந்த நாளுக்கு அப்புறம் முதல்முறையாக அந்த அறைக்குள் வாசலைத் தாண்டி நடந்தாள். பீடிப் பெண்களைத் தாண்டினாள், முப்பிடாதி போட்ட கரிக்கோடு முடிகிற இடத்தைத் தாண்டினாள், ஆடுகளைத் தாண்டினாள், சைக்கிள் மணிச் சத்தத்தைத் தாண்டினாள், கோழி அடைகாத்த வைக்கோலைத் தாண்டினாள், அதற்கப்புறம் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வாசல் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் போய்த் திரும்பினால் பீடி நுனி அளவுக்கு. எங்கும் நீலம். அவள் ஆசைப்பட்ட அதே நீலம், எட்டிப் பார்த்த கிணறு. இதை என் கையால் எடுத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள், கால் வலிக்க வலிக்க நினைத்தாள், செம்பில் தண்ணீர் பாதி ஆகிற வரைக்கும் நினைத்தாள். வழியெல்லாம் தரையில் ரெண்டு கோடு ஓடியது, கட்டில் காலை இழுத்த கோடு.

கோடு முடிகிற இடத்தில் சுவர் இருந்தது, சுவரோரம் கட்டில் இருந்தது. கட்டிலில் வடிவு சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் யாழினி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க என்ன செய்யுத?" என்றாள் பூங்கனி. இவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு இதைவிடக் கடுமையாக ஏதாவது கேட்டிருக்கலாம், மூச்சு வாங்கியது.

"சுவரைத் தேடி வந்தேன்க்கா." வடிவு மெதுவாகப் பேசினாள், பிள்ளை எழுந்துவிடும் என்று. "எனக்குச் சுவர் ஓரமாப் படுத்து முதுகை ஒட்டுனாத்தான் தூக்கம் வரும், சின்னதுலருந்து அப்படி. தினமும் இழுத்துப் போடுதேன். கண்ணசந்து முழிச்சுப் பார்த்தா இது நாலு முழம் தள்ளிப் போயிருக்கு. மறுபடி இழுக்கேன். நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல."

"ஏன், சொல்லவேண்டியதுதான?"

"யாருகிட்ட? எல்லாரும் கொடுத்துவச்சவன்னு சொல்லுதாங்க."

பூங்கனி செம்பை நீட்டினாள். வடிவு அண்ணாந்து குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கு அன்னைக்கு அரக்குதான் பிடிச்சிருந்துச்சு. நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு விட்டேன்."

"நானா ஆசைப்பட்டேன்?" பூங்கனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீ அரக்கை எடுக்கணும்னுதான் அப்படிப் புகழ்ந்தேன். எனக்கு நீலம் வேணும்னு இருந்துச்சு."

முதுகுக்குப் பின்னால் சுவர் ஒரு விரற்கடை நகர்ந்தது, வடிவும் பழக்கத்தில் ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்தாள்.

"அப்பம் மாத்திக்கிடுவோமாக்கா?" என்றாள் வடிவு. "இப்பவே. பெட்டியும் பாயும்தான, ஒரு மணி நேர வேலை. நீங்க இங்க வந்திருங்க. எனக்கு அந்த ரூமைக் கொடுங்க."

பாருங்கள், மூணு மாசமாகப் பூங்கனி கனவில் கேட்ட வார்த்தை. நீல அறை, ஊரே வந்து உட்காருகிற அறை, பிள்ளை சைக்கிள் விடுகிற அறை. ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் 'அந்த ரூமைக் கொடுங்க' என்று வடிவு சொன்ன உடனே, பத்துக்குப் பத்து அரக்கு அறை அவள் மனசுக்குள் ஒரு சுற்றுப் பெருத்தது. கை நீட்டினால் எட்டுகிற தண்ணீர்க்குடம் தெரிந்தது. வேல்சாமி குறட்டை விட்டால் காலால் ஒரு எத்து விட முடிகிற தூரம் தெரிந்தது. உச்சி வெயில் ஜன்னலில் விழும்போது அந்தச் சுவர் காய்ந்த மருதாணியாக எப்படிச் சிவக்கும் என்று தெரிந்தது. மூணு மாசமாகத் தினமும் பார்த்தும் பார்க்காத சிவப்பு. அதை இவளுக்கா கொடுக்கிறது?

"மாத்தமாட்டேன்" என்றாள்.

வடிவு தலையை ஆட்டிக்கொண்டாள். நாலு வருஷத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான் என்பது பூங்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. எடுத்திருக்கிறாள், எடுக்கச் சொன்னதால். கேட்டதில்லை.

"மாத்தமாட்டேன்னுதான சொன்னேன். வராதன்னா சொன்னேன்? எந்திரி. கட்டில் கிடக்கட்டும், யார் வந்து தூக்கப்போறா."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, டார்ச்சை வடிவு கையில் கொடுத்து, ரெண்டு பேரும் பீடி நுனி தீப்பெட்டி ஆகிற வரைக்கும், தீப்பெட்டி வாசல் ஆகிற வரைக்கும் நடந்தார்கள். வழியில் வடிவு ரெண்டு தடவை நடந்தபடியே தூங்கினாள், ரெண்டு தடவையும் பூங்கனி முழங்கையால் இடித்தாள்.

"என்ன, ரூமுக்காரி வெளிய போற?" என்றாள் முப்பிடாதி.

"நீங்க பாத்துக்கிடுங்க மதினி, ஆடு உங்க இலையைத் தின்னுறாம" என்று பூங்கனிதான் பதில் சொன்னாள்.

அரக்கு அறையில் பாயை விரித்தாள். ஜன்னலுக்குக் கீழே, சுவரோரமாக, காற்றும் வரும் வெயிலும் அடிக்காத இடம் ஒன்று உண்டு, அந்த அறையிலேயே அதுதான் நல்ல இடம், பூங்கனியின் இடம். வடிவு பார்க்கக்கூடச் செய்யாமல் நேராக அங்கே போய் விழுந்தாள். முதுகைச் சுவரில் ஒட்டினாள். சுவர் நகரவில்லை. ஒருமுறை கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்தாள், அப்போதும் அது அங்கேயே இருந்தது. அவள் முகத்திலிருந்து மூணு மாசம் இறங்கிப் போவதைப் பூங்கனி நின்று பார்த்தாள். யாழினி உருண்டுபோய்ச் சித்தியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டாள். ரெண்டு பேருமாகக் கையும் காலும் பரத்தி, பாய் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து அறையில் பீடிப் பெண்களின் பேச்சு, எங்கேயோ தூரத்தில் ஒரு சைக்கிள் மணி.

உச்சி வெயில் ஜன்னலில் விழுந்து சுவர் சிவந்தது. அந்தச் சிவப்பு வடிவின் கன்னத்தில் பட்டு, பிள்ளையின் நெற்றியில் பட்டு, பூங்கனி நிற்கிற இடத்துக்கு வருவதற்குள் தீர்ந்துபோனது. என் சுவர், என் பிள்ளை, என் பாய், நான் நிற்க ஒரு சாண் இல்லை என்று அவளுக்குப் பழையபடி சுருக்கென்றது. அந்தத் தூக்கத்தைப் பார்க்கப் பார்க்க, அப்படி ஒரு தூக்கம் தனக்கும் வேண்டும் என்றிருந்தது. நடந்த காலும் வலித்தது. அடுப்பில் குழம்பு இருந்தது, இருக்கட்டும் என்று விட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். பங்கு வைத்துப் பழகினவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் குரல் கொஞ்சம் முரடாகத்தான் வந்தது.

"ஏ வடிவு, கொஞ்சம் தள்ளிப் படேன். எனக்கும் சுவர் ஓரமா இடம் குடு."